வாசகர் கேள்வி – பதில்: எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது?

சென்ற இதழில் பிறஷர் குளிசைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பங்கு பிறஷரைப் பற்றியதே இல்லை, தலைச்சுற்றைப் பற்றியவை. சரி, இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்வோம். கடிதங்களில் ஒரு குறை உண்டு. என்ன குளிசை போடுகிறீர்கள், ஸ்கானில் என்ன வந்தது, பக்கத்து வீட்டார் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் விரிவாக எழுதுகிறீர்கள். ஆனால் சுற்று வந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அது எவ்வளவு நேரம் நீடித்தது என்ற இரண்டையும் எழுதியவர்கள் குறைவு. எனக்கு முதலில் வேண்டியது அந்த இரண்டும்தான், கிளினிக்கில் இருக்கும் டொக்டருக்கும் அதுதான் வேண்டும். அதை ஒழுங்காக எழுதியவர்களின் கடிதங்களையே பெரும்பாலும் கீழே எடுத்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 52 வயது. ஆறு மாதமாக, படுக்கையில் வலப்பக்கம் திரும்பினால் வீடே சுழல்கிறது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பேன், ஒரு நிமிசத்துக்குள் நின்றுவிடும், ஆனால் அதற்குள் சத்தி வந்துவிடும். கொடியில் உடுப்புக் காயப்போட அண்ணாந்தாலும் வருகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து கழுத்தெலும்பு தேய்வு என்றார்கள். கழுத்துப் பட்டியும் போடுகிறேன், இரண்டு வகைக் குளிசையும் போடுகிறேன். குறையவில்லை.
(வாசகி, விசுவமடு)

பதில்: அம்மா, நீங்கள் எழுதிய விதத்திலேயே முக்கால்வாசிப் பதில் இருக்கிறது. தலையை ஒரு குறிப்பிட்ட பக்கம் அசைத்தால் வருகிறது, ஒரு நிமிடத்துக்குள் போய்விடுகிறது, அசையாமல் இருந்தால் இல்லை. இது பெரும்பாலும் கழுத்திலிருந்து வருவதல்ல, காதிலிருந்து வருவது. 50 வயது தாண்டிய யாருக்குக் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் கொஞ்சம் தேய்வு தெரியத்தான் செய்யும். படத்தில் தெரிகிறது என்பதற்காக அதன் தலையில் பழியைப் போட்டுவிடுகிறார்கள்.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. மேசன்மார் வைத்துப் பார்க்கும் நீர்மட்டம் போல, அவற்றுக்குள் இருக்கும் திரவம் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்லும். குழாய்களுக்குப் பக்கத்திலுள்ள பை ஒன்றில் கல்சியம் காபனேற்றுப் பளிங்குகள், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை, ஒட்டிக்கொண்டிருக்கும். வயது போகப் போக அல்லது தலையில் அடிபட்டால் அவற்றில் சில கழன்று குழாய்க்குள், அதிலும் பெரும்பாலும் பின்பக்கக் குழாய்க்குள், விழுந்துவிடும். நீங்கள் திரும்பிப் படுக்கும்போது அவை உருண்டு திரவத்தை இழுக்கின்றன, தலை நின்ற பிறகும் திரவம் நகர்வதால் மூளை "இன்னும் சுழல்கிறேன்" என்று நம்புகிறது. உருளல் அடங்கினால் சுற்றும் அடங்கும். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுவதற்கு அதுதான் காரணம். பெண்களுக்கு, அதிலும் 50க்கு மேல், இது கூடுதலாக வருகிறது.

இடம் மாறிய பளிங்கை எந்தக் குளிசையும் பழைய இடத்தில் கொண்டுபோய் வைக்காது. அதைக் கையால்தான், சரியாகச் சொன்னால் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித்தான், வெளியே உருட்ட வேண்டும். எப்லி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் கண்டுபிடித்த முறை இது, அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். வலக்காது என்றால் இப்படி: கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து தலையை 45 பாகை வலப்பக்கம் திருப்பி, அப்படியே மல்லாக்கச் சாய்ந்து, தோளுக்குக் கீழே தலகணி இருக்க, தலை சற்றுப் பின்னால் தொங்கும்படி அரை நிமிடம் கிடக்க வேண்டும். இந்த நேரத்தில் சுற்று வரும், பயப்பட வேண்டாம். பிறகு தலையை மட்டும் 90 பாகை இடப்பக்கம் திருப்பி அரை நிமிடம். அப்புறம் உடம்போடு இடப்பக்கம் புரண்டு முகம் நிலத்தைப் பார்க்கும்படி இன்னொரு அரை நிமிடம். கடைசியாகக் காலைக் கீழே தொங்கப் போட்டு மெல்ல எழும்பி உட்கார வேண்டும். பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே விட்டுவிடுகிறது.

ஆனால் முதல் தடவை தெரிந்த ஒருவர்தான் செய்துவிட வேண்டும். எந்தக் காது, எந்தக் குழாய் என்பதை, உங்களைச் சாய்த்துக் கண்மணி எந்தப் பக்கம் துடிக்கிறது என்று பார்த்துத்தான் உறுதிப்படுத்துவார்கள். கழுத்தில் உண்மையாகவே பெரிய பிரச்சினை உள்ளவர்கள், கண் விழித்திரைக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் கேட்காமல் செய்யக்கூடாது. கிளினிக்கில் "இந்தப் பக்கம் படுத்துப் பார்க்கலாமா டொக்டர்" என்று நீங்களாகவே கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

கழுத்துப் பட்டியைக் கழற்றிவிடலாமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். என் எண்ணத்தில் அது உங்களுக்குக் கெடுதல்தான் செய்கிறது, தலையை அசைக்காமல் வைத்திருக்கப் பழக்குகிறது. அந்த இரண்டு குளிசைகளில் ஒன்று சத்தியையும் சுற்றையும் அடக்குவதற்கு ஓரிரு நாள் போடுவது. புரோகுளோர்பெரசின், சினரிசின் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால், அதிலும் வயதானவர்கள், கை நடுங்கி, உடம்பு இறுகி, நடை மெதுவாகி, பார்க்கிறவர்கள் பார்க்கின்சன் என்று நினைக்கும் அளவுக்குப் போவதுண்டு.

கேள்வி: வயது 67. வரம்பில் குந்தியிருந்துவிட்டு எழும்பினால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, ஏதாவது ஒன்றைப் பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவேன். இரவில் சலம் கழிக்க எழும்பும்போதும் அப்படித்தான், போன மாதம் ஒருநாள் விழுந்து நெற்றியில் தையல். சுற்றுவதில்லை, மயங்கப் போவது மாதிரி. பிறஷருக்கு மூன்று குளிசை, சலம் போகக் கஷ்டம் என்பதற்கு ஒன்று.
(வாசகர், முரசுமோட்டை)

பதில்: ஐயா, இது மேலே சொன்ன அம்மாவின் வருத்தம் இல்லை. காதுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. நாம் எழும்பி நின்றவுடன் அரை லீற்றருக்கு மேல் இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இளம் வயதில் இரத்தக்குழாய்கள் உடனே இறுகி அதைச் சமாளித்துவிடும். வயது போனால், நீண்டகாலச் சீனி வருத்தம் இருந்தால், உடம்பில் தண்ணி குறைந்தால், அல்லது சில குளிசைகள் இருந்தால் அந்த இறுக்கம் தாமதிக்கிறது, மூளைக்குப் போகும் இரத்தம் சில விநாடி குறைகிறது, கண் இருட்டுகிறது.

நீங்கள் போடுவதில் பிராசோசினோ டம்சுலோசினோ இருக்கிறதா பாருங்கள், குளிசைப் பையில் எழுதியிருக்கும். இரண்டும் குழாய்களைத் தளர்த்துபவை, முதல் குளிசையோடேயே மயங்கி விழுந்தவர்கள் உண்டு. சலக்குளிசையும் (தண்ணியை வெளியேற்றுவது) அதோடு சேர்ந்தால் வைகாசி வெயிலில் கேட்கவே வேண்டாம். கிளினிக்கில் கதிரையில் இருத்தி வைத்துத்தான் பிறஷர் பார்க்கிறார்கள், அப்போது 140 என்று வரும், குளிசை இன்னும் ஒன்று கூடும். நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, எழுப்பி நிறுத்தி ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் காரணம் அகப்பட்டுவிட்டது. பிறகு எந்தக் குளிசையைக் குறைப்பது, எதை நேரம் மாற்றிப் போடுவது என்று அவர்கள் பார்ப்பார்கள். நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம், பிறஷர் திடீரென்று ஏறிப் பாரிசவாதம் வந்தவர்களும் இதே வன்னியில்தான் இருக்கிறார்கள்.

அதுவரை: இரவில் விழித்தவுடன் எழும்பாதீர்கள். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, பிறகு பிடித்துக்கொண்டு எழும்புங்கள். சலத்துக்கு ஒரு போத்தலைக் கட்டிலடியில் வைத்தால் ஒன்றும் மரியாதை குறைந்துவிடாது. வயலில் குந்தியிருந்தால் எழும்பும் முன் குதிக்காலை நாலைந்து தரம் தூக்கி இறக்குங்கள். சாப்பாட்டை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே வெயிலில் இறங்கவேண்டாம், கள்ளும் இதைக் கூட்டும். தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லலாம், ஆனால் இருதய வருத்தமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர்கள் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும், வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் பலர் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். அதே காரணத்தால், வயல்வேலை முடிந்து தலை இடிக்கிறது என்று கடையில் டைக்ளோபெனக் வாங்கிப் போடும் பழக்கத்தையும் விடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சீனி வருத்தம். கந்தசஷ்டி ஆறு நாளும் இரவில் பால் பழத்தோடு விரதம் இருந்தவ, குளிசையை மட்டும் விடாமல் போட்டவ. நாலாம் நாள் கோயிலில் வேர்த்து, நடுங்கி, தலைச்சுற்றி உட்கார்ந்துவிட்டா. பசிக்களை என்று சொல்கிறா. வருகிற முறையும் இருப்பேன் என்கிறா.
(வாசகி, மல்லாவி)

பதில்: பசிக்களை இல்லை, சீனி விழுந்திருக்கிறது. 70க்குக் கீழே போனால் வேர்வை, நடுக்கம், படபடப்பு, தலைச்சுற்று, பிறகு பேச்சுத் தடுமாற்றம், அதற்குப் பிறகு நினைவு தப்பும். எந்தக் குளிசை என்பதுதான் கேள்வி. மெட்போமின் மட்டும் என்றால் சீனி இப்படி விழுவது அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், அல்லது இன்சுலின் ஊசி என்றால், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதெனோலோல் மாதிரிப் பிறஷர் குளிசை போடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோகும், வேர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்த முறை நடந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், கால் மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தரம், தெளிந்ததும் சாப்பாடு. நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேரே ஆஸ்பத்திரி. கிளிபென்கிளமைட் போடுகிற வயதானவர்கள் தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், சில மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் விழும்.

விரதத்தை விடச் சொல்லி நான் எழுதினால் உங்கள் அம்மா இந்த இதழை அடுப்புக்குத்தான் வைப்பா. விரதத்துக்கு இரண்டு கிழமை முன்பே கிளினிக்கில் சொல்லி, அந்த நாட்களுக்குக் குளிசையை மாற்றி எழுதி வாங்குங்கள். முருகன் கோபிக்கமாட்டார்.

கேள்வி: 2009இல் எங்கள் பங்கருக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தபோது எனக்கு 16 வயது. அதற்குப் பிறகு இடக்காது சரியாகக் கேட்பதில்லை, தடிமன் பிடித்தால் சீழ் வரும். அதோடு வாழப் பழகிவிட்டேன். இப்போது கேட்பது வேறு: முத்தையன்கட்டில் குளிக்கும்போது தலையை முழுதாக அமிழ்த்தினால் தண்ணிக்குள் உலகமே சுழல்கிறது, எது மேல் எது கீழ் என்று தெரிவதில்லை. வெளியே வந்து ஒன்றிரண்டு நிமிசத்தில் நின்றுவிடும்.
(வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: தம்பி, முதலில் இதை வாசித்த நாளிலிருந்து குளத்திலும் கடலிலும் தலையை அமிழ்த்துவதை நிறுத்துங்கள். மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவனும் மேல் கீழ் தெரியாமல் போனால் அமிழ்ந்துதான் போவான்.

ஷெல் வெடிப்பின் அமுக்கத்தில் உங்கள் செவிப்பறை கிழிந்து, மூடாமலே இருந்திருக்க வேண்டும், சீழ் வந்து வந்து போவது அதற்குப் பொருந்துகிறது. ஓட்டை வழியாகக் குளிர்ந்த தண்ணி நடுக்காதுக்குள் போகிறது. அதற்கு அடுத்த சுவரில்தான் அந்த அரைவட்டக் குழாய்கள். ஒரு பக்கக் குழாயின் திரவம் மட்டும் குளிர்ந்தால் அது அசையத் தொடங்கும், தலை அசையாமலே சுழல்கிற உணர்வு வரும். வியன்னாவில் பாரானி என்ற மருத்துவர் நோயாளிகளின் காதைக் கழுவிவிடும்போது, தண்ணி கூடக் குளிராகவோ சூடாகவோ இருந்தால் அவர்கள் தலைச்சுற்று என்று முறையிடுவதைக் கவனித்து, அதன் காரணத்தைத் தேடிப் போய்த்தான் 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார். பரிசுச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. உங்களுக்குக் குளத்தில் நடப்பது அவர் கண்ட அதே விஷயம், ஓட்டை இருப்பதால் இன்னும் கடுமையாக.

ஈஎன்டி கிளினிக்குக்குத் துண்டு எழுதி வாங்குங்கள். கேள்விப் பரிசோதனை செய்வார்கள், காதைக் காயவைத்து, தேவைப்பட்டால் உடம்பிலிருந்தே மெல்லிய சவ்வு ஒன்றை எடுத்துச் செவிப்பறையை அடைக்கும் சத்திரசிகிச்சை செய்யலாம். இத்தனை வருடம் போய்விட்டதே என்று யோசிக்கவேண்டாம், காலம் கடந்தும் செய்யலாம். வீட்டில் குளிக்கும்போது வஸ்லின் தடவிய பஞ்சை அடைத்துக்கொள்ளுங்கள். காதுக்குள் எண்ணெய், உள்ளிச்சாறு, கடையில் கேட்டு வாங்கிய சொட்டுமருந்து எதுவும் விடாதீர்கள். ஜென்டாமைசின் போன்ற சில சொட்டுமருந்துகள் ஓட்டை வழியாக உள்ளே போனால் உள்காதையே பழுதாக்கக்கூடியவை. சீழ் நாறத் தொடங்கினாலோ, தண்ணி படாமலே சுற்று வந்தாலோ, பாரம் தூக்கி முக்கும்போதோ பெரிய சத்தத்துக்கோ தலை சுழன்றாலோ கிளினிக் நாள் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள். அந்தக் காலத்தில் காதைப் பறிகொடுத்துவிட்டு, உயிர் மிஞ்சியதே போதும் என்று காட்டாமலே விட்டவர்கள் நிறைய. உங்கள் ஊரில் அப்படி இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: கணவருக்கு 58. சீனியும் பிறஷரும் உண்டு. காலையில் எழும்பியவர் தலைச்சுற்று என்று விழுந்து, ஓயாமல் சத்தி, எழுப்பி நிறுத்தினால் ஒரு பக்கம் சரிகிறார், வாயும் குழறியது. பித்தம் என்று தேசிக்காய்த் தண்ணியும் இஞ்சியும் கொடுத்தோம். அடுத்த நாள் நல்ல சுகம். இனி என்ன கவனிக்க வேண்டும்?
(வாசகி, ஓமந்தை)

பதில்: கடிதத்தில் தொலைபேசி எண் இருந்தபடியால் இதழுக்குக் காத்திராமல் இவவுக்கு அன்றைக்கே அழைத்துச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். அது பித்தம் இல்லை. மூளையின் பின்பகுதிக்குப் போகும் இரத்தக்குழாய் கொஞ்ச நேரம் அடைபட்டுத் திறந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தானாகச் சுகமானது நல்லதுதான், ஆனால் அடுத்த சில நாட்களுக்குள் பெரிய அடைப்பு வரக்கூடிய ஆபத்து கூடிய நேரமும் அதுதான்.

தலைச்சுற்றோடு வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒன்று இரண்டாகத் தெரிதல், கை கால் விறைப்பு, முன்பு எப்போதும் வராத கடும் தலையிடி, அல்லது பிடிக்காமல் நிற்கவே முடியாத நிலை, இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990க்கு அடியுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை, இந்த அறிகுறிகள் தொடங்கியதிலிருந்து பொதுவாக 4.5 மணித்தியாலத்துக்குள்தான் கொடுக்கலாம், விடிந்தபிறகு பார்ப்போம் என்று இருந்தால் அந்த வாய்ப்புப் போய்விடும். முதல் சில மணித்தியாலத்தில் எடுத்த சிரி ஸ்கான் சுத்தமாக இருக்கிறது என்பதாலும் அடைப்பு இல்லை என்று ஆகாது, பின்மூளை அடைப்பு அதில் தப்பிவிடுவதுண்டு.

நாள் முழுக்க நீடிக்கும் சுற்றெல்லாம் பாரிசவாதம் என்று பயப்படவும் வேண்டாம். காய்ச்சல் தடிமனுக்குப் பின் காதின் சமநிலை நரம்பு வீங்கியும் இப்படி இரண்டு மூன்று நாள் கிடத்தும். அந்த வகையில் சத்திக்கு மருந்தை ஓரிரு நாள் மட்டும் போட்டு, சீக்கிரமே எழும்பி நடமாடத் தொடங்கினால்தான் மூளை பழகிக்கொள்ளும், படுத்தே கிடந்தால் இழுபடும். ஆனால் இரண்டில் எது என்று கண்ணசைவைப் பார்த்துப் பிரிக்கத் தெரிந்தவர் பிரிக்க வேண்டும், வீட்டில் முடியாது. இன்னொன்று, நம் பக்கத்தில் சொல்லாமல் விட முடியாதது: பாயில் நிலத்தில் படுத்தவர் விடியப்புறம் வயிற்றுவலியோடு தலைச்சுற்று என்று எழும்பி, கண் இமையைத் தூக்க முடியாமல் இருந்தால், கடிகாயம் தெரியாவிட்டாலும் பாம்புக்கடி என்றே எண்ணி ஓடுங்கள்.

கேள்வி: நான் கார்மென்டில் வேலை. வயது 24. மாதத்துக்கு இரண்டு மூன்று தரம், அதிலும் சுகவீன நாட்களுக்கு முன், தலை ஆடுவது போல வந்து சில மணித்தியாலம் நிற்கும். வெளிச்சமும் மெசின் சத்தமும் தாங்க ஏலாது. சில நேரம் தலையிடி, சில நேரம் இல்லை. சின்னனிலேயே பஸ்ஸில் போனால் சத்தி எடுப்பேன். அம்மாவுக்கும் ஒற்றைத் தலையிடி இருக்கு.
(வாசகி, கிளிநொச்சி)

பதில்: தங்கச்சி, இது மைகிரேனின் இன்னொரு முகமாக இருக்கலாம், தலையிடி இல்லாமலும் மைகிரேன் சுற்றாக வரும். ஐந்து நிமிடத்திலிருந்து மூன்று நாள் வரை நீடிக்கலாம். நித்திரை குறைவு, காலைச் சாப்பாட்டை விட்டு வெறும் தேத்தண்ணியோடு ஷிப்டுக்கு ஓடுவது, இவைதான் பெரும்பாலும் கிளப்பிவிடுபவை. ஒரு கொப்பியில் வந்த நாள், நேரம், முதல்நாள் நித்திரை, மாதவிடாய்த் திகதி எல்லாம் குறித்து இரண்டு மாதம் கழித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள், தேவைப்பட்டால் வராமல் தடுக்கும் குளிசை தருவார்கள். போகும்போது ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். இரத்தம் குறைவு என்றால் படியேறும்போதும் வேலையிலும் களைப்போடு தலை வெறுமையாக வரும், அது வேறு, ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

கேள்வி: கத்தரிக்கு மருந்தடித்துவிட்டு வந்து தலைச்சுற்றினால் பால் குடித்தால் போதுமா?
(வாசகர், துணுக்காய்)

பதில்: போதாது. உடுப்பைக் கழற்றி எறிந்து, சவர்க்காரம் போட்டு உடம்பு முழுக்கக் கழுவி, மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எச்சில் ஒழுகி, வேர்த்து, மூச்சு முட்டினால் கழுவி முடியும் வரைகூடத் தாமதிக்காமல் வாகனத்தைக் கூப்பிடுங்கள். காற்றுக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள்.

கேள்வி: வலக்காதுக்குள் இரைச்சல் கூடி, காது அடைத்து, அதன்பின் இரண்டு மூன்று மணித்தியாலம் சுற்றிச் சத்தி. மாதக்கணக்கில் ஒன்றும் இராது, பிறகு வரும். ஒவ்வொரு தரமும் கேள்வி கொஞ்சம் குறைகிறது போல.
(வாசகர், முல்லைத்தீவு)

பதில்: மெனியர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861இல் விவரித்த வருத்தத்துக்கு நீங்கள் எழுதியது அப்படியே பொருந்துகிறது. உள்காதில் திரவம் மிகுந்துவிடுகிறது. 20 நிமிடத்திலிருந்து 12 மணித்தியாலம் வரை ஒரு தாக்கம் இருக்கும். கேள்விப் பரிசோதனை கட்டாயம் வேண்டும், ஒரு பக்கம் மட்டும் கேள்வி குறைந்தால் நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். நீங்கள் கடற்கரைக்காரர், கருவாடு இல்லாமல் சோறு இறங்காது என்பது தெரியும், ஆனால் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றையும் ஒரு மாதம் தள்ளி வைத்துப் பாருங்கள். பீற்றாஹிஸ்டின் குளிசை இந்த வருத்தத்துக்குத்தான் பெரும்பாலும் எழுதப்படுவது, மற்றச் சுற்றுகளுக்கெல்லாம் அதை வாங்கி விழுங்குவது வீண்செலவு.

கேள்வி: வயது 45. போன வருடம் ஒரு தரம் கடும் சுற்று வந்து சுகமானது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வள்ளத்தில் நிற்பது போல. படுத்தால் இல்லை. சந்தைக்குள்ளோ வற்றாப்பளைப் பொங்கல் சனத்துக்குள்ளோ போனால் கூடுகிறது. ஸ்கான், இரத்தம், காது எல்லாம் நல்லது என்கிறார்கள். வீட்டில் எனக்கு மனப்பிரமை என்று சொல்கிறார்கள்.
(வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: பிரமை இல்லை அக்கா. முதல் தாக்கம் சுகமான பிறகும் மூளை "திரும்ப விழப்போகிறேன்" என்ற காவலை விடாமல் இருப்பது இது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், நிற்கும்போதும் சனக்கூட்டம் கண்ணுக்கு முன் அசையும்போதும் கூடும், ஸ்கானில் தெரியாது. பயந்து வெளியே போகாமல் இருந்தால் இன்னும் வேரூன்றும். கண்ணையும் தலையையும் அசைத்துப் பழகும் பயிற்சி, அதோடு தேவைப்பட்டால் சேர்ட்ரலீன் போன்ற குளிசை, ஒருவரோடு இருந்து பேசும் சிகிச்சை, இவற்றால் பலருக்குக் குறைகிறது. மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினால் அதை அவமானமாக எடுக்காதீர்கள். பெரும் பயங்களைக் கடந்து வந்த உடம்புக்குக் காவலைத் தளர்த்த நேரம் எடுக்கும், வீட்டில் உள்ளவர்களும் இதை வாசிக்கட்டும்.

கேள்வி: சீவல் தொழில். படுக்கையில் திரும்பினால் சுற்றும் வருத்தம் இருந்து, தலையைத் திருப்பிச் சுகப்படுத்தினார்கள். இரண்டு கிழமை ஆகிறது. பனை ஏறலாமா?
(வாசகர், பூநகரி)

பதில்: இப்போது வேண்டாம். பாளை சீவ அண்ணாந்து பார்க்கும் அதே நிலைதான் இந்தச் சுற்றைக் கிளப்பும், இது திரும்பி வரக்கூடிய வருத்தமும்கூட. கிளினிக்கில் திரும்பவும் சாய்த்துப் பார்த்துச் சுற்று முழுதாகப் போய்விட்டது என்று சொன்ன பிறகு பார்க்கலாம், அதற்குப் பின்னும் ஒவ்வொரு காலையும் மரத்தடிக்குப் போகும் முன் வீட்டில் இரு பக்கமும் திரும்பிப் படுத்து, அண்ணாந்து பார்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள். கொஞ்சமாவது சுற்றினால் அன்றைக்கு ஏறவேண்டாம், மோட்டார் சைக்கிளும் ஓடவேண்டாம். அதுவரை பாளை சீவ வேறு ஆளைப் பிடிக்க முடியுமா என்று உங்கள் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள்.